பதற்றம் வந்தால் கை சாப்பாட்டுக்குப் போகிறதா? எதை முதலில் மாற்றுவது

பெருந்தொற்று வந்து போனதில் நிறைய பேரிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: பசியே இல்லாமல் சாப்பிடுவது. செய்தியில் எண்ணிக்கை ஏறும், நெஞ்சு படபடக்கும், கால் தானாகச் சமையலறைப் பக்கம் நடக்கும். இதை விட்டொழிக்க நினைப்பவருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். டயட்டில் இறங்கு என்கிறார் ஒருவர். வீட்டில் நொறுக்குத் தீனியே வைக்காதே என்கிறார் இன்னொருவர். மனதை வேறு பக்கம் திருப்பு, நேரத்துக்குச் சாப்பிடு, முதலில் பதற்றத்தைக் கவனி, கண்டுகொள்ளாமல் விடு என்று யோசனைகள் நீள்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யாராலும் செய்ய முடியாது. ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவரால் சுத்தமாக முடியாது. எதை முதலில் எடுப்பது என்று தீர்மானித்தாக வேண்டும்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் சாப்பாட்டு நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள், கூடவே செய்தி பார்ப்பதைக் குறையுங்கள். டயட்டைக் கடைசியில் வையுங்கள். பலருக்கு அது தேவையே படாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

திடீர்ப் பயம் பசியை அடக்கும். நாய் துரத்தும்போது யாருக்கும் பசிக்காது. அட்ரினலின் சுரந்து, ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாய்ந்து, செரிமானம் ஒத்திவைக்கப்படும். ஆனால் நாய் போகாமல் மாதக்கணக்கில் வாசலிலேயே நின்றால் கதை மாறிவிடும். நாள்பட்ட மன அழுத்தத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோன் கூடுதலாகவே இருக்கும். அது பசியைத் தூண்டும், அதிலும் இனிப்பும் கொழுப்பும் உள்ளவற்றின் பக்கம் இழுக்கும். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் இதமாக இருப்பதால் மூளை அந்த வழியை நினைவில் வைத்துக்கொள்ளும்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தபின் உலகமே அனுபவித்தது இந்த இரண்டாவது வகைப் பயத்தைத்தான். எப்போது முடியும் என்று தெரியாது, யாருக்கு வரும் என்று தெரியாது, ஓடித் தப்பிக்கவும் இடமில்லை. அந்த முதல் ஆண்டில் மட்டும் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் அதிகரித்ததாக அதே நிறுவனம் பின்னர் கணக்குச் சொன்னது. அமெரிக்க உளவியல் சங்கம் 2021இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், பெரியவர்களில் 42 சதவீதம் பேர் நினைத்ததைவிட அதிகமாக எடை கூடியதாகச் சொன்னார்கள். சராசரியாக 13 கிலோ. இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். மிக அதிகமாகக் கூடிய சிலர் சராசரியை மேலே இழுத்துவிட்டார்கள். வரிசையின் நடுவில் நிற்பவருக்குக் கூடியது 7 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதே கணிப்பில் 18 சதவீதம் பேருக்கு வேண்டாமலேயே எடை குறைந்திருக்கிறது. பதற்றம் எல்லோரையும் தின்ன வைப்பதில்லை, சிலருக்குத் தொண்டையை அடைத்துவிடும். அவர்களுக்கும் கீழே வரும் நேர ஒழுங்கு பொருந்தும்.

பசி ருசி அறியாது என்பார்கள். வயிற்றுப் பசியையும் மனப் பசியையும் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. வயிற்றுப் பசி மெல்ல மெல்ல ஏறும், எது கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளும், நிறைந்ததும் அடங்கும். மனப் பசி சட்டென்று வரும், இன்னதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும், வயிறு முட்டினாலும் நிற்காது. ஆனால் இந்தப் பிரிவினை எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. மதியம் சாப்பிடாமல் விட்டவருக்கு இரவில் வருவது இரண்டும் கலந்த பசி.

டயட்: முதலில் தோன்றும் வழி, முதலில் தள்ள வேண்டிய வழி

எடை கூடிவிட்டது, குறைத்துச் சாப்பிட்டால் குறையும். கணக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் பதற்றத்தில் சாப்பிடுபவருக்குக் கட்டுப்பாடு இன்னொரு பதற்றமாகத்தான் வந்து சேரும்.

1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவிகளில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாப்பாட்டு விஷயத்தில் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்தால் அப்படித்தானே செய்வோம். எப்போதும் அளந்து அளந்து சாப்பிடுபவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். இன்றைய கட்டுப்பாடு போயே போச்சு, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்ற மனநிலை. டயட்டில் இருக்கும்போது ஒரே ஒரு பிஸ்கட்டைத் தொட்டுவிட்டு முழு பாக்கெட்டையும் காலி செய்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இன்னும் கடுமையான சான்று ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 36 ஆண்களை வைத்துப் பட்டினி ஆய்வு நடத்தினார். எல்லோரும் விரும்பி வந்தவர்கள், உடலும் மனமும் ஆரோக்கியமானவர்கள். ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. அந்த ஆறு மாதத்தில் அவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாதவர்களானார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலர் வயிறு வலிக்க வலிக்கச் சாப்பிட்டார்கள். உணவைக் குறைத்தால் உணவின் மீதான நினைப்பு கூடும். கொதிக்கிற பாத்திரத்தின் மூடியை இறுக்கி அழுத்துவதுபோலத்தான் பெருந்தொற்றுப் பதற்றத்தின் நடுவில் டயட் தொடங்குவதும்.

சரி, டயட்டே கூடாதா? சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு போன்றவற்றுக்காக மருத்துவர் சொன்ன உணவுமுறையைக் கைவிடச் சொல்லவில்லை. அது சிகிச்சை. வீடியோ பார்த்துவிட்டு நாளை காலையிலிருந்து மாவுச்சத்தே கிடையாது என்று சபதம் எடுப்பதைத்தான் சொல்கிறேன்.

வீட்டில் வைக்காமல் இருப்பது

இது பாதி வேலை செய்யும். கண்ணில் பட்டதும் எடுத்துச் சாப்பிடுபவருக்கு நல்ல பலன் தரும். ஊரடங்கில் பலர் மாதத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி அடுக்கினார்கள், வேலை மேசையிலிருந்து பத்தடி தூரத்தில் எல்லாம் இருந்தது. அந்தச் சூழலில் கை நீளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் வீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும்போது ஒருவருக்காக எல்லாவற்றையும் அகற்ற முடியாது. ஒளித்து வைத்தால் ஒளிந்து சாப்பிடும் பழக்கம் வரும், அது இன்னும் மோசம். நான் சொல்வது இதில் நடுவழி: பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் போட்டு, உட்கார்ந்து, திரையை அணைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். இரவு செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது பாக்கெட்டுக்குள் போய்வரும் கையைக் கவனித்திருக்கிறீர்களா? கண் திரையில் இருக்கும். விரல்கள் தடவித் தடவி எடுக்கும். அடியில் உப்புத் தூள் மட்டும் விரலில் ஒட்டும்போதுதான் தீர்ந்துவிட்டது என்றே தெரியவரும். ருசித்ததாக நினைவே இருக்காது. கிண்ணம் இருந்தால் குறைந்தபட்சம் இன்னொரு முறை எழுந்து போக வேண்டும். அந்த எழுந்திருப்பதில் ஒரு நொடி யோசனை வரும்.

மனதைத் திருப்புவதும் பொறுத்துப் பார்ப்பதும்

அடக்க முடியாத ஆசை எழும், உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். போதை மீட்பு சிகிச்சையில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதை வைத்தே ஒரு பயிற்சியை உருவாக்கினார். ஆசையோடு சண்டை போடாமல், அதற்கு இணங்கவும் செய்யாமல், அது உடம்பில் எங்கே தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அதன் வேகம் தணிந்துவிடும்.

பொறுக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி, கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுப்பது. சாப்பாட்டு ஆசை மனதில் படமாகத்தான் ஓடுகிறது: அதன் நிறம், மொறுமொறுப்பு, வாயில் கரைவது. அந்தப் படம் ஓடும் திரையை வேறொன்று பிடித்துக்கொண்டால் ஆசை மங்கும். மேலிருந்து விழும் கட்டங்களைத் திரையில் அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை மூன்று நிமிடம் ஆடியவர்களுக்கு ஆசையின் வேகம் குறைந்ததை 2014இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. படம் வரைவது, ஜிக்சா அடுக்குவது போன்ற வேலைகளையும் முயன்று பார்க்கலாம். பாட்டுக் கேட்பது கண்ணுக்கு வேலை தராது, அதனால் இந்த விஷயத்தில் அதை இரண்டாவதாக வைப்பேன்.

இந்த வழி உண்மையான பசிக்கு உதவாது. ஆறு மணி நேரமாகச் சாப்பிடாதவர் டெட்ரிஸ் ஆடிப் பசியை விரட்ட நினைத்தால், அதுவும் ஒருவகைப் பட்டினிதான். அதனால் இதைத் தனியாகப் பரிந்துரைக்க மாட்டேன், அடுத்து வருவதோடு சேர்த்துத்தான்.

நேரத்துக்குச் சாப்பிடுவது: நான் முதலிடம் கொடுப்பது இதற்கே

கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. ஆனால் அளவுமீறி உண்ணும் கோளாறுக்கு ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் என்ற மனநல மருத்துவர் வகுத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றும் முறை) முதல் வாரங்களிலேயே வரும் மாற்றம் இதுதான். ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டி. இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. என்ன சாப்பிடுகிறோம் என்பதைக்கூட இந்தக் கட்டத்தில் பெரிதாகக் கேட்பதில்லை. எப்போது என்பதுதான் முக்கியம்.

பெருந்தொற்று முதலில் கலைத்துப் போட்டது நேரத்தைத்தான். அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம், பள்ளி மணி, சக ஊழியர்களோடு சாப்பிட உட்காரும் நேரம் என நாளைப் பிடித்து நிறுத்திய ஆணிகள் எல்லாம் கழன்றன. எழுந்ததும் மடிக்கணினி, காலை உணவு பதினொன்றுக்கு, கூட்டம் நீண்டதால் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, அதுவும் நின்றுகொண்டே. மாலை ஏழு மணிக்குப் பசி எகிறும், அப்போதுதான் அன்றைய செய்தியும் வரும். இரவு பத்துக்கு மேல் ஆரம்பிக்கும் கொறிப்பு தூக்கம் வரும்வரை ஓடும். மறுநாள் காலை குற்ற உணர்ச்சியில் காலை உணவைத் தவிர்ப்பார்கள். அதோடு அடுத்த சுற்று தொடங்கிவிடும். இரவில் நடப்பதற்கான காரணம் பெரும்பாலும் பகலில் இருக்கிறது. இரவோடு மல்லுக்கட்டி இதை நிறுத்த முடியாது, காலை உணவிலிருந்துதான் சரிசெய்ய வேண்டும்.

நடைமுறையில் எப்படி? நேற்றிரவு எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் இன்று காலை உணவைத் தவிர்க்காதீர்கள். ஆரம்பத்தில் கஷ்டமாக இருக்கும், பசியே இருக்காது. கொஞ்சமாகவாவது சாப்பிடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தை நாட்காட்டியில் கூட்டம்போலப் பதிவுசெய்து வையுங்கள். மாலை நாலரை, ஐந்து மணிக்கு ஒரு சிற்றுண்டியைத் திட்டமிட்டே வையுங்கள், அது ஆசைப்பட்ட இனிப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை. அனுமதி இருக்கும் இடத்தில் அடம் குறையும். கொறிக்கத் தோன்றும்போது, அடுத்த சாப்பாடு இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது என்று மனதுக்குச் சொல்ல முடியும். இனிமேல் இது கிடையவே கிடையாது என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முன்பு சொன்ன பொறுத்துப் பார்க்கும் பயிற்சி வேலை செய்வது இந்த இடத்தில்தான்.

குறை இல்லாமல் இல்லை. எடை உடனே இறங்காது. எடைக்காக மட்டும் இதைத் தொடங்குபவர்கள் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுவார்கள். மருத்துவமனை ஊழியர்கள் போல மாறி மாறி ஷிப்ட் பார்ப்பவர்களுக்குக் கடிகார நேரம் ஒத்துவராது. அவர்கள் எழுந்த நேரத்திலிருந்து இடைவெளியைக் கணக்கிடலாம். கோவிட் வந்து வாசனையும் ருசியும் போனவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பயன்படும். அவர்களுக்குப் பசியின் அறிகுறிகளே குழம்பியிருக்கும். சிலர் ருசி தேடித் தேடிச் சாப்பிட்டார்கள், சிலர் சாப்பாட்டையே வெறுத்தார்கள். நாக்கை நம்ப முடியாத நாட்களில் கடிகாரத்தை நம்பலாம்.

பதற்றத்தையே நேரடியாகக் கவனிப்பது

வேரைப் பார்க்காமல் இலையைக் கிள்ளி என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் பதற்றம் குறைய வாரங்கள் ஆகும், அதுவரை சாப்பாடு காத்திருக்காது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துத் தொடங்கச் சொல்கிறேன்.

பதற்றத்துக்குச் சொல்லப்படும் வழிகள் ஏராளம். அவற்றில் முதலில் எடுக்க வேண்டியது செய்திக் கட்டுப்பாடு. 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம், பதற்றம் தரும் செய்திகளைப் பார்ப்பதைக் குறைத்து, ஒரு நாளைக்கு ஓரிரு முறை மட்டும், குறிப்பிட்ட நேரத்தில் நம்பகமான இடத்தில் பார்க்கச் சொன்னது. இதைக் கடைப்பிடிக்கும்போது ஒரு நேரத்தைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்: படுக்கப் போகும் முன். செய்தி, கொறிப்பு, தூக்கமின்மை மூன்றும் சேருவது அங்கேதான்.

தூக்கத்துக்கும் பசிக்கும் உள்ள தொடர்பு வெறும் அபிப்பிராயம் அல்ல. 2004இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள், வேறொரு சமயம் இரண்டு இரவுகள் பத்து மணி நேரம். குறைவாகத் தூங்கியபோது, போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் கூடியது. ஆசைப்பட்டதும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களைத்தான்.

ஓயாமல் கவலைப்படுபவர்களுக்குக் கவலைக்கென்று நேரம் ஒதுக்கும் முறை நன்றாக ஒத்துவரும். உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் சக ஆய்வாளர்களும் 1983இல் சோதித்துப் பார்த்தது இது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவது. மற்ற நேரத்தில் கவலை எட்டிப் பார்த்தால் குறித்துவைத்து, அந்த நேரத்துக்கு ஒத்திப்போடுவது. அம்மாவுக்குத் தொற்று வந்தால் என்ன செய்வது, வேலை போனால் கடன் என்னாகும் என்பதெல்லாம் பொய்க் கவலைகள் அல்ல. அதற்கு உரிய நேரத்தைக் கொடுத்தால்தான் அது சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்காராது. மெதுவான மூச்சு, நடை, காபியைக் குறைப்பது எல்லாம் நல்லதே, முடிந்ததைச் செய்யுங்கள்.

கண்டுகொள்ளாமல் விட்டால்?

இந்த வழியைப் பலர் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வீட்டில் ஒருவர் தவறியிருக்கும்போது, தனிமைப்படுத்தலில் தனி அறையில் கிடக்கும்போது, பிடித்ததை இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவது குற்றமல்ல. எப்போதாவது நடந்தால் விட்டுவிடுங்கள்.

ஆனால் அதை மருந்தாக நம்ப வேண்டாம். 2014இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சோகப் படக் காட்சிகளைப் பார்த்து மனம் வாடியவர்களுக்கு அவரவர் ஆறுதலாக நினைக்கும் உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மனநிலை சரியானது உண்மை. பிடித்த வேறு உணவைச் சாப்பிட்டபோதும், எதுவுமே சாப்பிடாதபோதும் அதே அளவுக்குச் சரியானது என்பதும் உண்மை. தானாகத் தணியும் மனநிலைக்கான பெயரை உணவு வாங்கிக்கொள்கிறது. இதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருக்கிறது: அந்த இனிப்பை எடுக்காவிட்டாலும் இந்த மனநிலை கடந்துபோகும்.

தனியாகச் சமாளிக்கக் கூடாத இடம்

சிலருக்கு மேலே சொன்ன எதுவும் முதல் படி அல்ல. குறுகிய நேரத்தில் கட்டுப்பாடே இல்லாமல் மிக அதிகமாகச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதமாக நடந்து, அதற்காக மிகவும் வேதனைப்பட்டால், அது அளவுமீறி உண்ணும் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. சாப்பிட்டதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது இருந்தால் மூன்று மாதம் காத்திருக்கவே வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலும் அப்படித்தான். பதற்றம் பெரும்பாலான நாட்களில் வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால், சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் பதற்றத்துக்கு உதவி தேடுங்கள்.

உதவி என்றதும் வருடக்கணக்கில் சிகிச்சை என்று பயப்பட வேண்டாம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2017இல் இந்தக் கோளாறுக்கு முதலில் பரிந்துரைத்தது, நிபுணரின் சிறு சிறு சந்திப்புகளோடு நோயாளி தானே செய்யும் சுயஉதவித் திட்டத்தைத்தான்.

இன்று தொடங்குவதென்றால்

ஒரு சிறு நோட்டில், பசியில்லாமல் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் மணி என்ன, அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், சற்று முன் என்ன நடந்தது என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். கலோரி எழுதாதீர்கள். ஒரு வாரத்தில் ஏதோ ஒன்று தெரியவரும். நீண்ட இடைவெளிக்குப் பிறகே நடக்கிறதா? நேர ஒழுங்கில் மட்டும் கவனம் வையுங்கள். நேரத்துக்குச் சாப்பிட்டும் செய்தி அல்லது ஏதாவது தொலைபேசி அழைப்புக்குப் பின் நடக்கிறதா? பதற்றத்தின் பக்கம் போங்கள். கண்ணில் படும்போது மட்டும் என்றால் கிண்ணமும் அலமாரிக் கதவும் போதும்.

அந்த நாட்களில் எடை மெஷினில் ஏறாதீர்கள், மருத்துவர் சொல்லியிருந்தால் தவிர. எத்தனை முறை நடந்தது, நடந்த பிறகு எவ்வளவு நேரம் உங்களை நீங்களே திட்டினீர்கள் என்ற இரண்டும் குறைகிறதா என்று பாருங்கள். நான்கு வாரம் நேரத்துக்குச் சாப்பிட்டும் இரண்டுமே அசையவில்லை என்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மனநல ஆலோசகரிடம் போங்கள். முதல் சந்திப்பில் அவர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அதில் பதில் இருக்கும்.